பலருக்கும் உள்ள பட்டப்பெயரை உங்கள் பாக்கெட்டில் அச்சிடலாமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் காராசேவு, முறுக்கு, வாழைக்காய் சிப்ஸ் செய்து கடைகளுக்கு மொத்தமாகப் போட்டு வருகிறேன். இதுவரை பெயரில்லாத பாக்கெட்டில்தான் சரக்கு போனது. இனி சொந்தப் பிராண்டாகக் கொண்டுவர விரும்புகிறேன். கபடி ஆடிய காலத்திலிருந்து ஊரில் என்னை எல்லோரும் 'தல' என்றுதான் கூப்பிடுவார்கள். அதையே பெயராக வைக்க முடிவு செய்து, டிசைனும் வந்துவிட்டது. நடிகர் ஒருவருக்கும் கிரிக்கெட் வீரர் ஒருவருக்கும் அதே பட்டப்பெயர் இருப்பதால் பின்னால் வழக்கு வருமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். இத்தனை பேருக்குப் பொதுவாக இருக்கும் பெயர் யாருக்கும் சொந்தமில்லைதானே? டிசைனை இணைத்திருக்கிறேன்.

பதில்: யாருக்கும் சொந்தமில்லை என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த 'யாருக்கும்' என்ற சொல்லுக்குள் நீங்களும் அடக்கம் என்பதை இந்தக் கேள்வியோடு வருகிற பலர் கவனிப்பதில்லை. ஒரு பட்டப்பெயரைப் பிராண்டாக வைப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். அந்தப் பெயரை வைக்க விடாமல் யாராவது நம்மைத் தடுக்க முடியுமா என்பது ஒன்று. நாளை பக்கத்து ஊர்க்காரர் அதே பெயரில் காராசேவு போட்டால் நம்மால் அவரைத் தடுக்க முடியுமா என்பது மற்றொன்று. வீட்டில் பயப்படுவது முதல் கேள்விக்காக. உங்கள் தொழிலின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் போவது இரண்டாவது கேள்வி என்பது என் கருத்து. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் பட்டப்பெயர்கள் ஒருவரிடமே தங்குவதில்லை. 2001-இல் வெளிவந்த 'தீனா' படத்துக்குப் பிறகு அஜித்குமாரின் ரசிகர்கள் அவரைத் 'தல' என்றார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ரசிகர்கள் அதே சொல்லை மகேந்திர சிங் தோனிக்குச் சூட்டி, சுரேஷ் ரெய்னாவைச் 'சின்ன தல' ஆக்கினார்கள். 'தளபதி' என்றால் ஒரு கூட்டத்துக்கு மு.க.ஸ்டாலின், இன்னொரு கூட்டத்துக்கு விஜய், சற்று மூத்தவர்களுக்கு 1991-இல் வந்த ரஜினிகாந்த் படம். 'கேப்டன்' என்றதும் விஜயகாந்த் நினைவுக்கு வருவார். ஆனால் அந்தச் சொல் ஒவ்வொரு விளையாட்டு அணியிலும் இருக்கிறது. 'ஆச்சி' என்பது மனோரமாவையும் குறிக்கும், கடை அலமாரியிலுள்ள மசாலாப் பொடியையும் குறிக்கும், செட்டிநாட்டு வீடுகளில் பெரியவரையும் குறிக்கும். கேட்பவர் எந்தச் சூழலில் நிற்கிறார் என்பதே யாரைச் சொல்கிறோம் என்பதை முடிவு செய்கிறது. வர்த்தகக் குறிச் சட்டமும் ஏறத்தாழ இதே கண்ணோட்டத்தில்தான் இயங்குகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிகள் சட்டம் ஒரு சொல்லை ஒருவருக்கு முழுவதுமாகப் பட்டா போட்டுக் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட சரக்கு அல்லது சேவை தொடர்பாக, வாங்குபவர் குழம்பாதிருக்கும் அளவுக்குத்தான் உரிமை தருகிறது. சரக்குகளும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் முறுக்கும் காராசேவும் பொதுவாக 30-ஆவது வகுப்பில் வரும். வாழைக்காய் சிப்ஸ் 29-ஆவது வகுப்பு. பின்னாளில் கடை திறந்து உட்கார வைத்துப் பலகாரம் பரிமாறினால் அது 43. வகுப்பு எண்ணே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். கர்நாடகப் பால் கூட்டுறவுக் கூட்டமைப்பின் 'நந்தினி' பாலும், பெங்களூரின் 'நந்தினி டீலக்ஸ்' உணவகமும் மோதிய வழக்கில், ஒரே வகுப்புக்குள் விண்ணப்பம் இருந்தபோதிலும், சரக்கும் எழுத்தமைப்பும் வாடிக்கையாளரும் வேறு என்பதால் உணவகத்தின் பக்கம் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. நந்தினி என்பது புராணத்துப் பசுவின் பெயர், யாரும் புதிதாகக் கண்டுபிடித்த சொல்லன்று என்பதும் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. பொதுவழக்கில் புழங்கும் சொல்லைப் பிராண்டாக வைத்தவர், அதே சொல்லோடு இன்னொருவரும் அருகில் வாழ்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆகவே, திரையிலும் மைதானத்திலும் புகழ்பெற்ற ஒரு பட்டப்பெயர் காராசேவுப் பாக்கெட்டில் வருவது தன்னளவில் குற்றமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாழும் ஒருவரோடு, அல்லது இறந்து 20 ஆண்டுகளுக்குள்ளான ஒருவரோடு தொடர்பு இருப்பதாகப் பொய்யான எண்ணத்தை உண்டாக்கும் குறிக்கு விண்ணப்பித்தால், அவருடைய அல்லது அவருடைய சட்டப்படியான பிரதிநிதியின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கொண்டுவரச் சொல்லவும், அது வராதவரை விண்ணப்பத்தை மேலே நகர்த்தாமலிருக்கவும் பதிவாளருக்கு 14-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. இந்தப் பிரிவு 'தொடர்பு' என்றே பேசுகிறது. இயற்பெயர்தான் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தவில்லை. பட்டப்பெயரும் அதற்குள் வரும்.

பதிவகத்துக்கு வெளியே, பிரபலங்கள் தங்கள் அடையாளத்தின்மீது கொண்டுள்ள உரிமையை நம் நீதிமன்றங்கள் தொடர்ந்து வலுப்படுத்தி வருகின்றன. ரஜினிகாந்தின் பெயரைத் தலைப்பில் கொண்ட ஓர் இந்திப் படத்துக்கு எதிரான வழக்கில், பெயரைக் கேட்டதும் இன்னார் என்று அடையாளம் தெரிந்துவிடுமானால், பொய்யோ குழப்பமோ நிரூபிக்கப்பட வேண்டிய தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் கூறியது. அமிதாப் பச்சனுக்கு 2022-இல் தில்லி உயர் நீதிமன்றம் தந்த பாதுகாப்பு 'பிக் பி' என்ற செல்லப்பெயர் வரை நீண்டது. 2023-இல் அனில் கபூருக்குக் கிடைத்த உத்தரவில் அவருடைய பெயர், குரல், உருவத்தோடு 'ஏகே' என்ற சுருக்கமும், அவர் வாயிலிருந்து புகழ்பெற்ற 'ஜக்காஸ்' என்ற சொல்லும் பேசப்பட்டன. அடுத்த ஆண்டு ஜாக்கி ஷெராஃப் 'ஜக்கு தாதா', 'பிடு' என்ற அழைப்புகளுக்காக வழக்குத் தொடர்ந்தார். பட்டப்பெயர் என்பதால் தப்பிவிடலாம் என்ற எண்ணம் இனிச் செல்லாது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அஜித்குமார் 2021 டிசம்பரில் தம்மைத் 'தல' என்றோ வேறு பட்டங்களாலோ குறிப்பிட வேண்டாம், அஜித், அஜித்குமார் அல்லது ஏகே என்று சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஏகேதான் மும்பையில் அனில் கபூருக்கும் உரியது. கமல்ஹாசன் 2024 நவம்பரில் 'உலகநாயகன்' உள்ளிட்ட அடைமொழிகளைத் துறந்தார். 2025-இல் நயன்தாராவும் 'லேடி சூப்பர் ஸ்டார்' என்று அழைக்க வேண்டாம் என்றார். அவர்களே வேண்டாம் என்று விட்ட பெயரை நாம் எடுத்துக்கொண்டால் என்ன என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பட்டத்தைத் துறப்பது ஒரு மனிதர் தம் ரசிகர்களிடம் வைக்கும் வேண்டுகோள். வணிகர்களுக்கு எழுதிக் கொடுத்த உரிமம் ஆகாது. சட்டம் பார்ப்பது அவர் என்ன சொன்னார் என்பதைவிட, மக்கள் மனத்தில் அந்தச் சொல் இன்னும் யாரை நினைவூட்டுகிறது என்பதைத்தான்.

இதற்குப் பழைய உதாரணம் கோகோ கோலா. 'கோக்' என்பது அந்த நிறுவனம் சூட்டிக்கொண்ட பெயரன்று. வாங்குவோர் சுருக்கிச் சொன்னது. சுருக்கிக் கேட்டால் போலிச் சரக்கு நுழைந்துவிடும் என்று அஞ்சிய நிறுவனம், முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்று நெடுங்காலம் விளம்பரம் செய்தது. ஆனால் 'கோக்' என்று ஒலிக்கும் பெயரில் வேறொருவர் பானம் விற்றபோது, அந்தச் சொல் கேட்டவுடன் மக்கள் நினைப்பது இந்தப் பானத்தைத்தான் என்று 1920-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1941-இல்தான் நிறுவனமே 'கோக்' என்று விளம்பரப்படுத்தத் தொடங்கியது. 1945-இல் பதிவு செய்துகொண்டது. பட்டப்பெயருக்கு உரியவர் அதை வைத்து எதையும் விற்காமலிருந்தாலும், பொதுமக்கள் தந்த பெயர் அவருடைய நற்பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதற்கு இது சான்று.

இப்போது உங்கள் டிசைனுக்கு வருகிறேன். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பின்னணி முழுவதும் பளிச்சென்ற மஞ்சள். நடுவில் நரைத்த தலைமுடியும் தாடியும் கொண்ட ஒருவரின் பக்கவாட்டு நிழலுருவம். கீழ் வலது மூலையில், 'ஏழு சுவைகள்' என்ற வாசகத்துக்காகவாம், பெரிய எண் 7. நீங்கள் கபடி ஆடியதற்கான அடையாளம் அதில் எங்குமே இல்லை. கபடி வீரர் ஒருவரின் பட்டப்பெயர் என்று சொல்லி, நடிகரின் தோற்றத்தையும் கிரிக்கெட் வீரரின் சட்டை நிறத்தையும் எண்ணையும் ஒரே பாக்கெட்டில் சேர்த்திருக்கிறார் உங்கள் டிசைனர். எந்த நோக்கமும் இல்லாமல் செய்தோம் என்று நீதிமன்றத்தில் சொன்னால், இந்த மூன்றும் எப்படித் தற்செயலாக ஒன்றுகூடின என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. 'தல' என்ற சொல் தனியாக நின்றால் அது பலரைக் குறிக்கும், ஆகவே குறிப்பாக ஒருவரை அடையாளம் காட்டாது என்று வாதாட இடமிருக்கிறது. நிழலுருவம் சேர்ந்ததும் அந்த வாதம் விழுந்துவிடுகிறது. பகிர்ந்துகொள்ளப்பட்ட பட்டப்பெயர் தரும் ஒரே பாதுகாப்பு அதன் பொதுத்தன்மைதான். அதை உங்கள் கையாலேயே அழித்துவிடாதீர்கள். மஞ்சள் நிறம் தனியாக இருந்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன், சிப்ஸ் பாக்கெட்டுக்கு அது இயல்பான நிறம். நிழலுருவமும் எண்ணும் கட்டாயம் போக வேண்டும். விளம்பரத்தில் பட வசனங்களை ஒத்த வாசகங்கள், படத்தின் பின்னணி இசை, போட்டி நடக்கும் நாளில் அந்த வீரரின் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாழ்த்து ஆகியவையும் இதே கணக்கில்தான் சேரும். ரசிகராக நீங்கள் வாழ்த்துவது வேறு, காராசேவுப் படத்தை அருகில் வைத்து வாழ்த்துவது வேறு.

உங்கள் சொந்தப் பட்டப்பெயர் என்ற வாதம் எவ்வளவு தாங்கும்? ஒருவர் தம் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது என்று 35-ஆவது பிரிவு சொல்கிறது. கிரிக்கெட் வீரர் கௌதம் கம்பீர், தம் பெயரைத் தாங்கிய வாசகத்தோடு தில்லியில் உணவகம் நடத்தியவர்மீது வழக்குப் போட்டார். உணவக உரிமையாளரின் பெயரும் கௌதம் கம்பீர்தான். வீரரின் படத்தையோ, தொடர்பு இருப்பதுபோன்ற குறிப்பையோ அவர் பயன்படுத்தவில்லை என்பதால் 2017-இல் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இந்தத் தீர்ப்பு உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் ஆதார் அட்டையிலுள்ள பெயரும் ஊர்க்காரர்கள் கூப்பிடும் பெயரும் நீதிமன்றத்தில் ஒரே எடை பெறும் என்று நம்பி முதலீடு செய்ய வேண்டாம் என்பதே என் ஆலோசனை. கபடி நோட்டீஸ்கள், கோப்பைகள், பழைய செய்தித்தாள் துணுக்குகள் எதிலாவது உங்கள் பெயரோடு 'தல' என்று அச்சாகியிருந்தால் அவற்றைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அவை நல்லெண்ணத்தைக் காட்டும் துணைச் சான்றுகள்; அவற்றை மட்டும் நம்பித் தொழிலை நடத்த முடியாது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். யாரும் வழக்குப் போடவில்லை, பதிவும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுகள் உழைத்து உங்கள் காராசேவுக்குப் பெயர் வாங்குகிறீர்கள். அப்போது வேறொருவர் 'தல ஸ்நாக்ஸ்' என்று வருகிறார். அவரையும் அவர் ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். தெருவில் புழங்கும் சொல்லுக்குத் தனித்தன்மை குறைவு. குறைந்த தனித்தன்மை கொண்ட பெயருக்கு நீதிமன்றம் தரும் பாதுகாப்பும் குறுகலாகவே இருக்கும். பல சொற்கள் சேர்ந்த குறியைப் பதிவு செய்தாலும், பதிவு முழுக் குறிக்குத்தான், அதிலுள்ள பொதுச்சொல்லுக்குத் தனியாக அல்ல என்று 17-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பட்டத்துக்கு உரியவரே இதில் சிரமப்பட்டதைப் பாருங்கள்: தோனி 'கேப்டன் கூல்' என்பதை விளையாட்டுப் பயிற்சி சார்ந்த 41-ஆவது வகுப்பில் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது, அதே பெயரில் முன்பே ஒரு குறி இருந்ததால் ஆட்சேபம் எழுந்தது, அதைத் தாண்டி 2025 ஜூனில்தான் விண்ணப்பம் வர்த்தகக் குறி இதழில் வெளியானது. உலகமே அறிந்த மனிதருக்கே பட்டப்பெயர் தானாக வந்து சேர்வதில்லை என்றால், நமக்கு எப்படி வரும்?

அதற்காகப் பட்டப்பெயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் மாநிலத்தின் மிக வலுவான உணவுப் பிராண்டுகளில் ஒன்று பட்டப்பெயரிலிருந்து பிறந்ததுதான். திண்டுக்கல்லில் 1957-இல் பிரியாணிக் கடை தொடங்கிய நாகசாமி நாயுடு எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். கடைக்கு ஆனந்த விலாஸ் என்று பெயர் இருந்தும் மக்கள் தலப்பாக்கட்டி என்றே சொன்னார்கள், கடைசியில் அதுவே பெயராக நின்றது. அது அவர் ஒருவரின் தோற்றத்திலிருந்து வந்தது. பிரியாணியோடு சேர்த்து அப்படி அழைக்கப்பட்டவர் முன்பு எவரும் இல்லை. அப்படி இருந்தும் அந்தப் பெயரைக் காக்க அவருடைய குடும்பத்தினர் பல வழக்குகளை நடத்த வேண்டியிருந்தது. எங்கிருந்தோ புகழ் சேர்த்து வந்த 'தல'யைவிட, உங்கள் ஊரும் உங்கள் ஆட்டமும் உங்கள் கைமணமும் தந்த பெயர் சட்டத்தில் வலுவானது. கபடியில் நீங்கள் ரைடரா, தடுப்பாட்டக்காரரா என்று எழுதவில்லை. அந்த ஆட்டத்திலிருந்தே ஒரு சொல்லையும் ஊர்ப் பெயரையோ குடும்பப் பெயரையோ சேர்த்து யோசியுங்கள். 'தல'யை விட மனமில்லையென்றால், அதைச் சிறிய எழுத்தில், தனித்தன்மையுள்ள வேறொரு சொல்லுக்குத் துணையாக மட்டும் வையுங்கள். பாக்கெட்டின் பின்புறம் உங்கள் கபடிக் கதையை இரண்டு வரியில், உங்கள் படத்தோடு போடுங்கள். தொடர்பு யாரோடு என்பதை வாங்குபவருக்கு அது சொல்லிவிடும்.

பெயரை முடிவு செய்யுமுன் வர்த்தகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். 29, 30, 43 ஆகிய மூன்று வகுப்புகளிலும், சொல் தேடலோடு ஒலி ஒப்புமைத் தேடலையும் செய்யுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள் என்பதால் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள். 'எதிர்க்கப்பட்டது', 'ஆட்சேபிக்கப்பட்டது' என்ற நிலையில் உள்ள விண்ணப்பங்களைத் திறந்து, பதிவக அதிகாரி எழுதிய பரிசோதனை அறிக்கையைப் படிப்பது மிகவும் பயனுள்ளது; உங்களுக்கு என்ன ஆட்சேபம் வரும் என்பதை அது முன்கூட்டியே காட்டிவிடும். விண்ணப்பம் டிஎம்-ஏ படிவத்தில். தனிநபருக்கும் சிறுதொழில் நிறுவனத்துக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். தமிழ் எழுத்தில் குறி இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் சேர்த்துத் தர வேண்டும். பரிசோதனை அறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். ஏற்கப்பட்டு இதழில் வெளியான பிறகு நான்கு மாதங்களுக்கு யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்ப எண் கிடைத்ததும் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்துள்ள முத்திரையைப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அச்சிடக் கூடாது, அது சட்டப்படி தவறு.

அச்சகத்தில் உடனே சிலிண்டர் வெட்டச் சொல்லிவிடாதீர்கள். பாக்கெட் ரோல்களை அச்சிடும் கிராவூர் முறையில், டிசைனைச் செதுக்கிய உருளையான சிலிண்டர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக வேண்டும். பெயர் மாறினால் அவற்றில் பலவற்றை மீண்டும் வெட்ட வேண்டும், அச்சடித்த ரோல்களும் வீண். முதல் சில மாதங்களுக்குச் சாதாரணப் பையில் ஸ்டிக்கர் ஒட்டி விற்று, விண்ணப்பத்தின் போக்கைப் பார்த்துவிட்டு அச்சுக்குப் போங்கள். அந்த முதல் நாளிலிருந்தே பெயர் பொறித்த பில் புத்தகத்தைப் பயன்படுத்துங்கள். பதிவுக்கு முன்பே பெயரைப் பயன்படுத்தி வந்ததற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

எப்போதாவது வக்கீல் நோட்டீஸ் வந்தால், பதில் போடாமல் இருந்துவிடுவதும், கோபத்தில் நீங்களே எழுதிவிடுவதும் இரண்டுமே கெடுதல். நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் வர்த்தகக் குறி வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். எந்தப் பாக்கெட், எந்தத் தேதி, எத்தனை கடைகள் என்ற விவரங்களையும் இந்தத் தேடல் முடிவுகளின் அச்சுப் பிரதியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பெயரில் சிறு மாற்றமோ, படத்தை நீக்குவதோ, இருப்புச் சரக்கை விற்றுத் தீர்க்கச் சில வார அவகாசமோ பேச்சிலேயே முடிகிற விஷயங்கள்தான். திருத்திய டிசைனை அனுப்பினால், நிழலுருவமும் எண்ணும் போனபின் பாக்கெட் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.